குறைந்த பட்ஜெட்டில் அடுத்த துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உரிமம் பெற்று ஒரு துப்பாக்கியையாவது பாதுகாப்பாகக் கையாண்டு பழகியவர், அளவான பணத்தில் அடுத்ததை வாங்க நினைக்கும்போது எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைக் கடைசிக்கு விட வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இலக்குச் சுடுதலும், சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வேட்டையும்தான் இதன் எல்லை.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். துப்பாக்கியின் விலையை முதலில் பார்க்கிறார்கள்; அது கைக்கு எட்டுமானால் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்; தோட்டா, பூட்டுப் பெட்டி, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), ரேஞ்சுக் (சுடும் களத்துக்கான) கட்டணம் ஆகியவை அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. சில மாதங்களில் துப்பாக்கி அலமாரியிலும் அதன் சொந்தக்காரர் பார்வையாளர் வரிசையிலும் இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகவே இந்த வரிசை தலைகீழாகச் செல்கிறது: தேவையில் தொடங்கி, தோட்டாச் செலவு வழியாக, துப்பாக்கியின் பெயருக்குக் கடைசியில் வந்து சேர்கிறது.

தொடங்குமுன் நான்கு விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் உரிமமும் அதன் நிபந்தனைகளும், நீங்கள் சுடும் ரேஞ்சின் விதிகள், கடந்த ஓராண்டில் எத்தனை முறை ரேஞ்சுக்குப் போனீர்கள், எத்தனை தோட்டா செலவழித்தீர்கள் என்ற கணக்கு, அளவு நாடா ஒன்று. கணக்கு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் இன்றே தொடங்கி, இரண்டு மூன்று மாதம் எழுதிய பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருவது நல்லது. அந்தக் கணக்கு இல்லாமல் மூன்றாம் படியைச் செய்ய முடியாது.

1. தேவையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இப்போதுள்ள துப்பாக்கியால் எதைச் செய்ய முடியவில்லை என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "50 மீட்டரில் படுத்த நிலையில் போட்டிக்குச் சுட வேண்டும், என் ஏர் ரைஃபிள் அந்தத் தூரத்துக்கு உரியது அல்ல" என்பது ஒரு தேவை. "நல்ல ரைஃபிள் ஒன்று வேண்டும்" என்பது ஆசை மட்டுமே.

தூரம், இலக்கு, நிலை ஆகிய மூன்றும் அந்த வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். காரணம் எளிது: இந்த மூன்றும் சேர்ந்துதான் காலிபரையும் (குழலுக்கும் தோட்டாவுக்கும் உரிய அளவு), எடையையும், குறிபார்க்கும் கருவியையும் தீர்மானிக்கின்றன. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் 0.5 மி.மீ. விட்டம் கொண்டது, 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் அதே பத்தின் விட்டம் 10.4 மி.மீ.; பறக்கும் களிமண் தட்டைச் சுடுபவருக்கோ ஈயமணிகள் விரிந்து செல்லும் பரப்புதான் முக்கியம். மூன்றையும் ஒரே துப்பாக்கியால் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் ஆகும் என்று விற்கப்படுவது எதற்கும் முழுமையாக ஆகாது என்பதைக் குறைந்த பணம் வைத்திருப்பவர் மற்ற எவரையும்விட அதிகமாக நினைவில் வைக்க வேண்டும்.

வாக்கியத்தை எழுதிய பிறகு, வாங்காமலேயே அது தீருமா என்று பாருங்கள். இலக்கில் குழுமம் (தொடர்ந்து சுட்ட குண்டுகள் விழுந்த துளைகளின் கூட்டம்) அகலமாக விழுகிறது என்ற குறையோடு வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது புதிய ரைஃபிள் அன்று. வேறு வகைத் தோட்டா, தளர்ந்துபோன ஸ்கோப் பிடிப்புகளை இறுக்குதல், சரியான தோள் வார், தேர்ந்த ஒருவரிடம் சில வகுப்புகள், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். அனுபவமுள்ள ஒருவரிடம் உங்கள் துப்பாக்கியைக் கொடுத்து, உங்கள் தோட்டாவைக் கொண்டே சுடச் சொல்லுங்கள். அவர் கையில் குழுமம் இறுகினால், பிரச்சினை துப்பாக்கியில் இல்லை. அந்தப் பணத்தைப் பயிற்சியில் போடுங்கள்.

2. சட்டத்தையும் ரேஞ்சையும் முதலில் கேளுங்கள்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம், எந்த வகைக்கும் காலிபருக்கும் அனுமதி உண்டு, பழைய உரிமத்தில் புதியதைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும், ஒரே நேரத்தில் எவ்வளவு தோட்டா வாங்கலாம், சேமிப்புக்கு எப்படிப்பட்ட பெட்டி கட்டாயம் என்ற ஐந்து கேள்விகளையும் உரிமம் வழங்கும் அலுவலகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

ரேஞ்சின் விதிகளும் அதே அளவுக்கு முக்கியம். தடுப்புச் சுவரும் குண்டு தாங்கும் மண்மேடும் ரிம்ஃபயர் (ஊசி விளிம்பில் அடித்து வெடிக்கும், ஆற்றல் குறைந்த) தோட்டாவுக்கு மட்டும் போதுமானதாக இருக்கும் ரேஞ்சுகள் நிறைய உண்டு. அங்கே பெரிய காலிபரை அனுமதிக்க மாட்டார்கள். சுட இடமில்லாத துப்பாக்கி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வீண் செலவு.

போட்டியில் இறங்க நினைப்பவர் அந்தப் போட்டியின் விதிநூலையும் இப்போதே படித்துவிட வேண்டும். பன்னாட்டு விதிகளின்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசையை (டிரிகரை) இழுக்கத் தேவைப்படும் பளு 500 கிராமுக்குக் குறையக் கூடாது, மொத்த எடை 1.5 கிலோவைத் தாண்டக் கூடாது. டிராப், ஸ்கீட் எனப்படும் தட்டுச் சுடும் போட்டிகளில் 12 போரைவிடப் பெரிய ஷாட்கனுக்கு அனுமதி இல்லை (போர் என்பது ஷாட்கன் குழலின் அளவு; எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும்), ஈயமணிகளின் எடை 24 கிராம் என்ற வரம்பு உண்டு. விதிக்கு உட்படாத ஒன்றை வாங்கிவிட்டுப் பின்னர் மாற்றியமைப்பது இரட்டைச் செலவு.

3. பணத்தைத் துப்பாக்கிக்கு முன்பே பிரித்து வையுங்கள்

இந்தப் படியில்தான் முடிவின் பாதி இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கையிலிருக்கும் மொத்தத் தொகையை எழுதி, அதிலிருந்து துப்பாக்கி அல்லாத எல்லாவற்றையும் முதலில் கழியுங்கள்: உரிமத் திருத்தக் கட்டணம், பூட்டுப் பெட்டி, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, துப்புரவுக் கருவிகள், குறிபார்க்கும் கருவியும் அதன் பிடிப்புகளும், எடுத்துச் செல்லும் உறை, முதல் ஓராண்டுக்கான தோட்டா. மிஞ்சுவதுதான் துப்பாக்கியின் பட்ஜெட். பலருக்கு இது மொத்தத்தில் பாதிகூட வராது. அது கண்டு மனம் தளர வேண்டாம், நிலைமை இப்போதே தெரிந்தது நல்லதே.

காதுப் பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம். .22 ரைஃபிளின் ஒலிகூட 140 டெசிபெலை ஒட்டி வரக்கூடும். பெரிய காலிபர்கள் 160 டெசிபெல் அளவுக்குச் செல்கின்றன. ஒருமுறை கெட்ட செவி திரும்பாது.

அடுத்து தோட்டாக் கணக்கு. ஓர் உதாரணக் கணக்காக, விலைகளை அலகுகளில் வைத்துக்கொள்வோம். முதல் துப்பாக்கி .22 ரிம்ஃபயர், விலை 1000 அலகு, ஒரு தோட்டா 1 அலகு. இரண்டாவது பழைய சென்டர்ஃபயர் (ஊசி தோட்டாவின் நடுவில் அடிக்கும்) ரைஃபிள், விலை 700 அலகு, ஒரு தோட்டா 6 அலகு. மாதம் 60 தோட்டா சுடுபவருக்கு ஆண்டுக்கு 720 தோட்டா தேவை. முதல் ஆண்டின் முடிவில் .22க்கு ஆன மொத்தச் செலவு 1720 அலகு. "மலிவாக" வந்த மற்றதற்கு 5020 அலகு. இரண்டாம் ஆண்டின் முடிவில் 2440க்கு எதிராக 9340.

இதையே திருப்பிப் பாருங்கள். ஆண்டுக்கு 720 அலகுதான் தோட்டாவுக்கு ஒதுக்க முடியும் என்றால், இரண்டாவது ரைஃபிளில் ஆண்டு முழுவதற்கும் 120 தோட்டாதான், அதாவது மாதத்துக்குப் பத்து. மாதம் பத்துத் தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிசெய்யலாம், துப்பாக்கி வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம், கை பழகாது. உங்கள் ஊர் விலைகளை இதே கணக்கில் பொருத்தி, ஆண்டுக்கு எத்தனை தோட்டா உங்களால் சுட முடியும் என்ற ஒரே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அந்த எண் எந்தக் காலிபரில் உங்கள் பயிற்சிக்குப் போதாமல் போகிறதோ, அந்தக் காலிபர் இப்போதைக்கு உங்களுக்கு உரியது அல்ல.

தோட்டாவைச் சொந்தமாக நிரப்பிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் சென்டர்ஃபயர் செலவு குறையும். ஆனால் கருவிகளின் விலையையும், அந்த வேலையைக் கவனமாகக் கற்க ஆகும் காலத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே அதைச் சேமிப்பு என்று சொல்ல வேண்டும். ரிம்ஃபயர் தோட்டாவை வீட்டில் மறுபடி நிரப்புவது நடைமுறையில் இல்லாத வேலை.

4. காலிபரை முடிவு செய்யுங்கள்

தேவை வாக்கியமும் தோட்டா எண்ணும் சேர்ந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு காலிபர்களே மிஞ்சும். அவற்றில் கடைகளில் எப்போதும் கிடைப்பதைத் தேர்ந்தெடுங்கள். அரிய காலிபர் துப்பாக்கிகள் மலிவாக விற்கப்படுவதற்குக் காரணம், தோட்டா கிடைக்காமல் அவற்றின் சொந்தக்காரர்கள் அலுத்துப்போனதுதான்.

ஏர் ரைஃபிளில் 4.5 மி.மீ., இலக்குச் சுடுதலுக்கு .22 லாங் ரைஃபிள், தட்டுச் சுடுதலுக்கு 12 போர் ஆகியவை பணம் குறைந்தவருக்குப் பாதுகாப்பான தேர்வுகள். .22 லாங் ரைஃபிள் 1887 முதல் புழக்கத்தில் இருப்பது; பல தயாரிப்பாளர்கள் பல தரங்களில் தருகிறார்கள். அதிலும் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்லும் சாதாரண வேகத் தோட்டாக்களே 50 மீட்டர் இலக்குக்கு ஏற்றவை. அதிவேகத் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்பட்டு, வழியில் மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறக்கூடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் ஒத்திருப்பதை நம்பி வாங்குவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. .22 மேக்னம் தோட்டா .22 லாங் ரைஃபிள் துப்பாக்கிக்கு ஆகாது. .223 ரெமிங்டன் என்று மட்டும் குறிக்கப்பட்ட சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) 5.56 × 45 ராணுவத் தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டக்கூடும். 12 போரில் பழைய துப்பாக்கிகள் சில 65 மி.மீ. சேம்பர் கொண்டவை, 70 மி.மீ. தோட்டா அதில் நுழைந்துவிடும், ஆனால் சுட்டதும் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். பேரலில் (குழலில்) பொறித்திருப்பதும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 20 போர்த் தோட்டா 12 போர் சேம்பரைக் கடந்து பேரலுக்குள் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலியாகவே தெரிவதால் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுடுபவரின் கையிலேயே பேரல் வெடிக்கும். 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் தயாரிப்பது இதற்காகத்தான். இரண்டு போர்களின் தோட்டாவும் ஒரே பையில் போகாதபடி பார்த்துக்கொள்ள முடியாதவர், இரண்டாவதாகவும் ஏற்கெனவே உள்ள போரிலேயே வாங்குவது நல்லது. தோட்டாவும் பொதுவாக அமைந்துவிடும்.

5. உடலுக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள்

பொருந்தாத துப்பாக்கியைப் பழக்கம் சரிசெய்யாது. தவறான நிலையைத்தான் பழக்கமாக்கும். முதலில் உங்கள் முதன்மைக் கண் எது என்று அறியுங்கள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, இரண்டு கண்களையும் திறந்து தூரத்துப் பொருள் ஒன்றைப் பாருங்கள். பின் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். வலக்கைப் பழக்கமும் இட முதன்மைக் கண்ணும் உள்ளவர்கள் வாங்குமுன் பயிற்சியாளரிடம் பேச வேண்டும், குறிப்பாக ஷாட்கன் என்றால்.

பிறகு, விசையிலிருந்து தோள்கட்டையின் கடைசிவரை உள்ள நீளத்தை அளவு நாடாவால் அளந்து, உங்களுக்கு வசதியாக இருக்கும் துப்பாக்கியின் அளவோடு ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கழுத்தை நீட்டாமலும் தலையைத் தூக்காமலும் குறிபார்க்கும் கோடு நேராகத் தெரிய வேண்டும். இடக்கைக்காரர்கள் வலக்கை போல்ட் (தோட்டாவை ஏற்றவும் வெளியேற்றவும் கையால் இயக்கும் பூட்டு) கொண்ட ரைஃபிளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் நிலையைக் கலைத்துத்தான் போல்ட்டை இயக்க முடியும்.

எடையையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். தூக்க எளிதாக இருக்கிறது என்று இலேசான துப்பாக்கியை விரும்புகிறார்கள். அதே தோட்டாவுக்குத் துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரு மடங்காகும். உதைப்புக்கு அஞ்சிச் சுடும் கணத்தில் கண்ணை மூடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அதைப் போக்க ஆகும் தோட்டாச் செலவு நீங்கள் மிச்சப்படுத்தியதைவிட அதிகம்.

6. எளிய இயக்கமுறையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே விலையில் போல்ட் இயக்க ரைஃபிளும் தானியங்கிச் சுமை ரைஃபிளும் கிடைத்தால், இலக்குச் சுடுதலுக்கு முதலாவதையே வாங்கச் சொல்வேன். நகரும் பாகங்கள் குறைவு என்பதால், தயாரிப்பாளர் அதே பணத்தை பேரலிலும் விசையிலும் போட முடிகிறது, பழுதும் குறைவு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கவனம் செலுத்தும் பழக்கமும் வருகிறது.

ஏர் ரைஃபிளில் மட்டும் கணக்கு சற்று மாறும். ஸ்பிரிங் வகைக்கு வேறு துணைக்கருவி தேவையில்லை. ஆனால் பிஸ்டனின் அசைவால் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறும், எனவே பிடிக்கும் விதத்தில் சிறு மாற்றம் வந்தாலும் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) விழும் இடம் மாறிவிடும். காற்றை முன்பே நிரப்பும் வகையில் உதறல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கைப்பம்போ அழுத்தக் காற்றுச் சிலிண்டரோ வாங்கியாக வேண்டும். பழைய போட்டி ஏர் ரைஃபிள் மலிவாகக் கிடைத்தால் அதன் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படியுங்கள். தயாரிப்பாளர் குறித்த ஆயுள் முடிந்த சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது, பயிற்சியிலும் பயன்படுத்தக் கூடாது. மாற்றுச் சிலிண்டரின் விலையைக் கூட்டிய பிறகும் அது மலிவுதானா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

7. பழையதை வாங்குவதானால் இந்த வரிசையில் சோதியுங்கள்

குறைந்த பணத்துக்கு நல்ல பேரல் கிடைப்பது பெரும்பாலும் பழையவற்றில்தான். .22 பேரல் மிக நீண்ட காலம் உழைக்கும். அதிவேக சென்டர்ஃபயர் பேரல்களோ சில ஆயிரம் தோட்டாக்களிலேயே தேயத் தொடங்கும். எனவே பழைய .22 வாங்குவதில் உள்ள அபாயமும் பழைய அதிவேக ரைஃபிள் வாங்குவதில் உள்ள அபாயமும் ஒன்றல்ல.

முதல் வேலை, காலியா என்று பார்ப்பது. விற்பவர் காலி என்று சொன்னாலும், உங்கள் கண்முன்னே சோதித்தபின் கொடுத்தாலும், கையில் வாங்கியதும் நீங்களே மேகஸினைக் (தோட்டாக் கூட்டைக்) கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் சோதியுங்கள். குழல்வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையிலேயே இருக்கட்டும்.

அடுத்து பேரல். உள்ளே எண்ணெய் தாராளமாகப் பூசியிருந்தால் உலர்ந்த துணித்துண்டை ஓட்டித் துடைக்க அனுமதி கேளுங்கள். எண்ணெயும் செம்புப் படிவும் துருக்குழிகளை மறைத்துவிடும். போல்ட்டைக் கழற்றி, குழல்வாய்ப் பக்கம் வெள்ளைக் காகிதத்தை ஒளியில் பிடித்துக்கொண்டு, சேம்பர் பக்கத்திலிருந்து பாருங்கள். உள்வரிகள் கூர்மையான விளிம்போடு, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மினுமினுப்பில் சுழன்று செல்ல வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை துருக்குழிகள். ஓரிடத்தில் மட்டும் வளையம் போல நிழல் விழுந்தால் அங்கே பேரல் உப்பியிருக்கிறது என்று பொருள். வெளிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால் சில சமயம் அந்த மேடு தட்டுப்படும். அப்படிப்பட்ட பேரல் எந்த விலைக்கும் வேண்டாம். குழல்வாயின் விளிம்பில் வெட்டோ நசுக்கலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, அங்குள்ள சிறு சேதமும் குறியைக் கெடுக்கும்.

பழைய ராணுவ ரைஃபிள்களில் இன்னொன்றையும் கேளுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), சுட்டபின் பேரலில் உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். முந்தைய உரிமையாளர் அதை அறிந்து கழுவினாரா இல்லையா என்பது பேரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிறகு இறுக்கம். போல்ட் ரைஃபிளில் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா பதியும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளவுகோல் வைத்துத் துப்பாக்கித் தொழிலாளர் ஒருவர் சோதித்துத் தருவது சென்டர்ஃபயருக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். அதற்கான கூலியைப் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். மேல் கீழ் இரட்டைக் குழல் ஷாட்கனில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பாருங்கள், ஏனென்றால் முன்கட்டையின் அழுத்தம் கீல் தளர்வை மறைத்துவிடும். மேலுள்ள திறப்பு நெம்பு பெரும்பாலான புதிய துப்பாக்கிகளில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். தேயத் தேய இடப்புறம் நகரும். ரிவால்வரில், காலியாக இருப்பதை உறுதி செய்தபின் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்து, அது முழுதும் பின்னுக்கு வருமுன்பே உருளை பூட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள்.

விசையைச் சோதிக்கப் போலித் தோட்டா கொண்டுபோங்கள். ரிம்ஃபயரில் வெற்றுச் சேம்பரில் விசையை இழுத்தால் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதிச் சேதமாகக்கூடும். எனவே விற்பவரின் அனுமதியின்றி அதைச் செய்யாதீர்கள்.

கட்டையில், விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், தெரியாத கை ஒன்று உள்ளே போயிருக்கிறது. வரிசை எண் தேய்ந்தோ அழிக்கப்பட்டோ இருந்தால், அல்லது பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், விலை பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

8. ஸ்கோப்பை மிச்சத்துக்கு விடாதீர்கள்

மங்கலான ஸ்கோப், நல்ல ரைஃபிளையும் கெட்டதாகக் காட்டும். உருப்பெருக்கம் அதிகமானதைவிட, அதே விலையில் உருப்பெருக்கம் குறைந்து கண்ணாடியும் திருகுகளும் தரமாக உள்ளதை எடுங்கள்.

.22க்கு வாங்கும்போது இடமாறு தோற்றப் பிழையைச் சரிசெய்த தூரத்தைக் கேளுங்கள். சென்டர்ஃபயருக்கான பல ஸ்கோப்புகள் சுமார் 91 மீட்டருக்கும், ரிம்ஃபயருக்கானவை சுமார் 46 மீட்டருக்கும் அமைக்கப்பட்டவை. முன்னதை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் சற்று நகர்ந்தாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வது போலத் தெரியும்.

9. சேமிப்பு தயாராகும்வரை துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

சுவரிலோ தரையிலோ பொருத்திய பூட்டுப் பெட்டி, தனியாகப் பூட்டிய இடத்தில் தோட்டா, சாவி உரிமதாரரிடம் மட்டும்: இந்த மூன்றும் முதலில். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் வைத்து, அதை அவ்வப்போது உலர்த்த வேண்டும். துணி உறைக்குள்ளேயே நாள்கணக்கில் வைத்தால், உறை ஈரத்தைப் பிடித்து இரும்பில் துருவேற்றும்.

வீட்டில் எவரேனும் மனத்தால் மிகவும் துவண்டிருக்கும் காலமாக இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், வாங்குவதைத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே உள்ளதையும் சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைத்து வைக்க வழி கேளுங்கள். துப்பாக்கியைப் பின்னர் எப்போதும் வாங்கலாம்.

10. கடைசி இரண்டுக்குள் ஒன்றைத் தேர்தல்

இவ்வளவையும் கடந்து வரும்போது கையில் இரண்டு பெயர்கள் மிஞ்சும். இரண்டையும் கிளப்பிலோ, வாடகைக்கோ, நண்பரின் கண்காணிப்பிலோ சுட்டுப் பாருங்கள். உதிரி பாகங்களும் கூடுதல் மேகஸினும் எதற்கு எளிதாகக் கிடைக்கின்றன, அருகில் எதைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார், பின்னாளில் எது நியாயமான விலைக்குத் திரும்ப விற்கும் என்ற கேள்விகள் அப்போதுதான் பயன்படும்.

அப்போதும் சமமாக இருந்தால் தோட்டா மலிவானதை வாங்குங்கள். பட்ஜெட்டைச் சிறிது தாண்டினால் மிகச் சிறந்தது ஒன்று கிடைக்கும் என்ற பேச்சு இந்தக் கட்டத்தில்தான் காதில் விழும். அந்தச் சிறிது எப்போதும் தோட்டாவுக்கு ஒதுக்கிய பணத்திலிருந்தே போகிறது.

11. வாங்கிய பின் முதல் சில ரேஞ்சு நாட்கள்

சுடுவதற்கு முன் பேரலைத் துடைத்து, தடை ஏதுமில்லை என்று பாருங்கள். தொழிற்சாலை எண்ணெயோ பழைய துணித்துண்டோ உள்ளே இருக்கலாம். பின் ஸ்கோப் பிடிப்புத் திருகுகளையும், கட்டையைப் பிடிக்கும் திருகுகளையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

தோட்டாவை மொத்தமாக வாங்க இப்போது அவசரம் வேண்டாம். .22 பேரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஒரே தயாரிப்பாளரின் ஒரே பெயர் கொண்ட தோட்டாகூடத் தயாரிப்புத் தொகுதி மாறினால் வேறு மாதிரிக் குழுமம் தரும். ஏர் ரைஃபிளில் 4.49, 4.50, 4.51 மி.மீ. எனப் பெல்லட்டின் தலையளவுகூட வித்தியாசத்தை உண்டாக்கும். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, தாங்கியின் மேல் வைத்து, வகைக்குச் சில குழுமங்களாகச் சுட்டு, இலக்குக் காகிதத்தின் ஓரத்திலேயே தோட்டாவின் பெயரையும் தொகுதி எண்ணையும் எழுதி வையுங்கள். எது தொடர்ந்து இறுக்கமாக விழுகிறதோ அந்தத் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்டு, ஓராண்டுக்கு ஒதுக்கிய பணத்துக்கும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கும் உட்பட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.